சுரங்கத்துக்கு முன் – 9: இரண்டு வக்கீல்கள், ஒரு டிசம்பர்

சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் யார் என்று நம் நெய்வேலி டவுன்ஷிப்பில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் ராஜாஜி என்பார், ஒருவர் காமராஜர் என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஓமந்தூரார் என்பார். நீதிக்கட்சி வரலாறு படித்தவர் பனகல் அரசர் என்று அடித்துச் சொல்வார். சரியான பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1920 டிசம்பர் 17ஆம் தேதி அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் நம் தென்னார்க்காடு ஜில்லாக்காரர், வக்கீல் அகரம் சுப்பராயலு ரெட்டியார். அப்போது அந்தப் பதவிக்கு முதல் மந்திரி என்று பெயர்.

சென்ற அத்தியாயத்தில் ஜில்லா போர்டு போட்ட சாலைகளையும், சத்திரங்களையும், சுங்கச் சாவடிகளையும் பார்த்தோம். அந்த ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியிலிருந்து கோட்டைக்குப் போனவர்தான் ரெட்டியார். அவரைத் தனியாகச் சொன்னால் கதை பாதிதான் விளங்கும். அதனால் பக்கத்து ஜில்லாவான சேலத்திலிருந்து இன்னொரு வக்கீலையும் கூட்டி வருகிறேன். அவர் சி. விஜயராகவாச்சாரியார். ரெட்டியாரைவிட மூன்று வயது மூத்தவர். ரெட்டியார் பதவி ஏற்ற பத்தாம் நாள், 1920 டிசம்பர் 26 அன்று, நாகபுரியில் காங்கிரஸ் மகாசபை இவர் தலைமையில் கூடியது. கோட்டைக்குள் நுழையாதே என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த கட்சிக்கு ஒரு தமிழ்நாட்டு வக்கீல் தலைவர். அதே மாதத்தில் கோட்டைக்குள் போய் உட்கார்ந்தவரும் ஒரு தமிழ்நாட்டு வக்கீல்.

ரெட்டியார் பிறந்தது 1855 அக்டோபர் 15. நிலபுலன் உள்ள குடும்பம். அவருடைய இளமைக் காலத்துத் தென்னார்க்காட்டை இன்றைய நெய்வேலிக்காரர் மனத்தில் கொண்டுவருவது கொஞ்சம் கஷ்டம். நிலக்கரி கிடையாது, புகைபோக்கி கிடையாது. விருத்தாசலம் தாலுகாவின் இந்தப் பக்கம் வானம் பார்த்த செம்மண் பூமி. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை அடுப்பை மூட்டினார், 1872இல் சத்திய ஞான சபையைக் கட்டி முடித்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தையே வாரிக்கொண்டு போனது. அப்போது ரெட்டியாருக்கு இருபதைத் தாண்டிய வயது. பஞ்சம் தீர்ந்தபின் இந்த ஜில்லாவைத் தூக்கி நிறுத்தியது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. புஞ்சைக் காட்டில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. பணப்பயிர் வந்தால் முன்பணம் வரும், முன்பணம் வந்தால் பத்திரம் வரும், பத்திரம் வந்தால் பிராது வரும். கடலூர் மஞ்சக்குப்பத்து ஜில்லா கோர்ட்டில் வக்கீல்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் இங்கிலீஷும் சட்டமும் படித்த ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடக் கௌரவமான தொழில் இல்லை.

வக்கீல் தொழிலில் இருந்து அரசியலுக்குப் போவது அமெரிக்காவில் அப்போதே பழகிய பாதை. ஸ்பிரிங்பீல்டில் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கன் 1846இல் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை காங்கிரஸ் உறுப்பினராக இருந்துவிட்டு மறுபடி வழக்கு நடத்த ஊருக்குத் திரும்பினார். ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டார்கள், அவர் வாஷிங்டனுக்குப் போனார். அவ்வளவுதான். அங்கேயும் ஓட்டு எல்லோருக்கும் இல்லை, வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே அந்தப் பாதையே போடப்படவில்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி கவர்னர் தமக்குப் பிடித்த ஒரு சிலரைச் சட்டசபைக்கு நியமிப்பார். 1882இல் ரிப்பன் பிரபு ஊராட்சி நிர்வாகத்தை ஊர்க்காரர்களிடம் கொஞ்சம் விடலாம் என்றார். அதையொட்டி 1884இல் சென்னையில் ஸ்தல போர்டுச் சட்டம் வந்து ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று படிகள் முளைத்தன. 1892இல் இன்னொரு சட்டம். முனிசிபாலிட்டிகளும் போர்டுகளும் கூடி ஒருவர் பெயரைச் சொல்லலாம், கவர்னர் அதை ஏற்று நியமிப்பார். அதற்குத் தேர்தல் என்று பெயர் சூட்டக்கூட வெள்ளைக்காரருக்கு மனம் வரவில்லை. கோட்டைக்குப் போக விரும்பிய வக்கீல் முதலில் ஊரில் விளக்குக் கம்பம், சாக்கடை, அம்மை குத்துதல் என்று தொடங்கித்தான் ஏற வேண்டும். சேலத்து வக்கீலும் கடலூர் வக்கீலும் ஏறியது இந்த ஏணியில்தான். ஆனால் சேலத்தவர் முதல் படியிலேயே வழுக்கி ஜெயிலுக்குள் விழுந்தார்.

அந்தக் கதை நின்று சொல்ல வேண்டியது. விஜயராகவாச்சாரியார் 1852இல் செங்கல்பட்டு ஜில்லா பொன்விளைந்தகளத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1875இல் பட்டம் பெற்றார். சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு, சட்ட வகுப்புக்கே போகாமல் தாமாகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறி, 1881இல் சேலத்தில் வக்கீல் பலகை மாட்டினார். அடுத்த வருஷமே முனிசிபல் கவுன்சிலர். அதே 1882 ஆகஸ்டில் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. ஒரு மசூதியையும் ஊர்வலப் பாதையையும் பற்றிய தகராறு அது. உயிர்ச்சேதம் ஆனது, மசூதி இடிக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டியவர்களில் ஒருவர் என்று முப்பது வயது விஜயராகவாச்சாரியாரைக் கைது செய்தார்கள். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு பத்து வருஷ தீபாந்தர சிட்சை. அந்தமானுக்குக் கப்பலேற வேண்டியதுதான் பாக்கி.

அவர் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார். ஆட்சியாளர்களோடு மோதத் தயங்காத ஆங்கிலேய பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் அவருக்குத் துணை நின்றார். ஹைகோர்ட் குற்றச்சாட்டைத் தள்ளி விடுதலை செய்தது. வேறொருவராக இருந்தால் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டில் அடங்கியிருப்பார். இவரோ எனக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னவர்களைக் கூண்டில் ஏற்று என்று கிளம்பினார். வழக்கு நடந்தபோது அரசாங்கம் அவரை முனிசிபல் கவுன்சிலிலிருந்து நீக்கியிருந்தது. அது செல்லாது என்று இந்தியா மந்திரி மீதே பிராது போட்டார். லண்டனில் உட்கார்ந்து இந்தியாவை ஆண்ட அமைச்சர் மேல் சேலத்து வக்கீல் ஒருவர் வழக்குப் போடுகிறார். அதில் ஜெயிக்கவும் செய்கிறார். நஷ்டஈடு 100 ரூபாய். 1884ஆம் ஆண்டு வந்த அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரிக்கு எல்லை எது என்று வாதாடுகிறவர்கள் அதைப் பிற்காலத்திலும் எடுத்துப் பேசினார்கள். அதோடும் அவர் விடவில்லை. அதே கலவர வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காகவும் ரிப்பன் பிரபு வரை மன்றாடினார். என் கணக்கில் அவர் வாழ்க்கையின் உச்சம் இதுதான். பிற்காலத்தில் கிடைத்த காங்கிரஸ் தலைமைகூட இதற்கு அடுத்தபடிதான்.

1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியபோது வந்த 72 பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். அந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் வக்கீல்கள்தான். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டசபையில் இருந்தார், 1913 முதல் 1916 வரை டெல்லியில் வைசிராயின் சட்டசபையில் இருந்தார். அரசாங்கத்தின் ஏணியிலேயே ஏறி அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம் என்று நம்பிய தலைமுறை அது.

ரெட்டியாரின் பாதையில் ஜெயிலும் இல்லை, அப்பீலும் இல்லை. ஜில்லா நிர்வாகத்துக்குள் படிப்படியாக வளர்ந்தவர். ஜில்லா போர்டுத் தலைவர் பதவி வெகுகாலம் கலெக்டரின் சொத்தாகவே இருந்தது. அதிகாரியல்லாத இந்தியர்களுக்கு அந்த நாற்காலி கிடைக்கத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1916 நவம்பரில் சென்னையில் பிட்டி தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் மற்றவர்களும் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு நீதிக்கட்சி. படித்த படிப்பும் நிலமும் இருந்தும் அரசாங்க உத்தியோகத்திலும் காங்கிரஸ் மேடையிலும் பிராமணர்களே நிறைந்திருக்கிறார்கள் என்ற மனக்குறை ஜில்லா தோறும் இருந்த பிராமணரல்லாத வக்கீல்களுக்கும் மிராசுதார்களுக்கும் உண்டு. அந்தக் குறைக்கு ஒரு கட்சி வந்தது. ரெட்டியார் அதில் சேர்ந்தார்.

1919இல் புது அரசியல் சட்டம் வந்தது. 1920 நவம்பரில் தேர்தல். காங்கிரஸ் ஒத்துழையாமையில் இறங்கித் தேர்தலைப் புறக்கணித்தது. மாகாணத்தின் ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல், ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். அதிலும் கால்வாசிப் பேர்தான் போய் ஓட்டுப் போட்டார்கள். கிராமத்தில் ஓட்டு வேண்டுமென்றால் வருஷத்துக்குப் பத்து ரூபாயாவது நிலவரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். நன்செய்க்காரருக்கு அது பெரிய தொகை இல்லை. நம் பக்கத்துப் புஞ்சைக்காரர் பத்து ரூபாய் தீர்வை கட்ட எவ்வளவு காடு வைத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் தாத்தாக்களில் அன்று ஓட்டு வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். பெண்களுக்கு ஓட்டே கிடையாது.

தேர்ந்தெடுக்கும் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தது. கவர்னர் வெலிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். தியாகராயர் தமக்குப் பதவி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டு சுப்பராயலு ரெட்டியார் பெயரைச் சொன்னார். 65 வயது ரெட்டியார் முதல் மந்திரி, பனகல் ராஜா ராமராயநிங்கார் இரண்டாம் மந்திரி, கே.வி. ரெட்டி நாயுடு மூன்றாம் மந்திரி. மூவரும் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர்கள். ரெட்டியார் தமிழ் ஜில்லாக்காரர்தானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் கட்சிக்குள் இருந்த தமிழர்களுக்கு அது உறுத்தியது. அந்த உறுத்தல் நீதிக்கட்சியைச் சில வருஷம் விடாமல் துரத்தியது.

இனி அந்த மந்திரி வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். இரட்டையாட்சி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்திருப்பீர்கள். நடைமுறையில் அது கூட்டுக் குடும்பத்தில் சமையல் ஒருத்தி பொறுப்பு, உக்கிராணச் சாவி இன்னொருத்தி இடுப்பில் என்பது போல. போலீஸ், நிலவரி, பாசனம், எல்லாவற்றுக்கும் மேலாக நிதி, இவையெல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும் வைத்துக்கொண்டார்கள். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஆட்சி, விவசாயம், கைத்தொழில், பொதுப்பணி, கலால் ஆகியவை மந்திரிகளுக்கு வந்தன. ரெட்டியார் கையில் கல்வியும் பொதுப்பணியும் கலாலும். பொதுப்பணி என்றாலும் பாசனம் அதில் இல்லை. தம் சொந்த ஜில்லாவின் வீராணம் ஏரித் தண்ணீர் விஷயத்தில் முதல் மந்திரிக்கே அதிகாரம் இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமென்றால் நிதி உறுப்பினர் சார்லஸ் டாட்ஹண்டரின் சம்மதம் வேண்டும். அவர் சட்டசபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

ஒரே மந்திரியிடம் கல்வியையும் கலாலையும் கொடுத்ததில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாகாண வருமானத்தில் கள்ளும் சாராயமும் கொண்டுவந்த பங்கு மிகப் பெரிது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் காசில் கள்ளுக்கடை ஏலத்துக் காசும் கலந்திருந்தது. ரெட்டியார் பதவியில் இருந்த அதே 1921இல்தான் ஒத்துழையாமைக்காரர்கள் ஊர் ஊராகக் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி நாயக்கர், அப்போது காங்கிரஸ்காரர், சேலத்துத் தாதம்பட்டியில் இருந்த தம் தோப்புத் தென்னைகளைக் கள்ளுக்கு விடக்கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். ஒவ்வொரு மரம் சாயும்போதும் கோட்டையில் கலால் மந்திரியின் வரவு குறைகிறது, கல்வி மந்திரியின் செலவுக்கு வழி அடைகிறது. இரண்டு மந்திரியும் ஒருவரே. நீதிக்கட்சியை வெள்ளைக்காரரின் கையாள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இந்த இக்கட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது பாதி அரசாங்கம், அதுவும் பாதியில் கனமான பாதி.

இதே நாட்களில் நாகபுரியில் என்ன நடந்தது? காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது. நாலணா சந்தா கொடுத்தால் யாரும் காங்கிரஸ் உறுப்பினர் ஆகலாம் என்று விதி மாறியது. மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக அமைக்க முடிவானது. ஜின்னா காங்கிரசை விட்டு விலகினார். தலைமை நாற்காலியில் இருந்த சேலத்துப் பெரியவருக்கு ஒத்துழையாமைத் திட்டத்தின் சில பகுதிகள் ஒத்துவரவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. கோர்ட்டில் நின்று அரசாங்கத்தை ஜெயித்த மனிதரிடம் போய்க் கோர்ட்டைப் புறக்கணி என்றால் எப்படி இனிக்கும்? அவருடைய ஊரிலேயே இன்னொரு வக்கீல், சேலம் முனிசிபல் சேர்மனாக இருந்து முடித்த ராஜாஜி, செழித்துக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டுக் காந்தி பின்னால் போனார். விஜயராகவாச்சாரியாரின் தலைமுறை அந்த மேடையிலேயே பழையதாகிவிட்டது.

சென்னைச் சட்டசபையை 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் வந்து திறந்து வைத்தார். பி. ராஜகோபாலாச்சாரி சபைத் தலைவர். இவரை ராஜாஜியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் பெருங்காவூர்க்காரர். அந்தச் சபை 1921 ஏப்ரலில் செய்த ஒரு காரியத்துக்காகவே ரெட்டியார் காலத்தை நினைவில் வைக்கலாம். பெண்கள் என்பதால் மட்டும் ஓட்டு மறுக்கக் கூடாது என்று அது தீர்மானம் போட்டது. இந்திய மாகாணங்களில் சென்னைதான் இதில் முந்திக்கொண்டது. சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் பயன் பெற்ற பெண்கள் சிலரே. ஆனாலும் நான்கு மாதம் முன்பு ஆண்கள் மட்டுமே ஓட்டுப் போட்டு அமைத்த சபை செய்த வேலை அது.

ரெட்டியாருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1921 ஜூலை 11 அன்று பதவியை விட்டார். ஏழு மாதம்கூட நிறையவில்லை. பனகல் ராஜா முதல் மந்திரி ஆனார். கல்வி இலாகா ஏ.பி. பாத்ரோவிடம் போனது. செப்டம்பரில் வகுப்புவாரி உரிமைக்கான முதல் அரசாணை வெளிவந்தது, அதன் புகழ் நியாயமாகவே பனகலாருக்குச் சேர்ந்தது. நவம்பரில் ரெட்டியார் காலமானார்.

அவரை ஜில்லா மறந்ததற்குக் குறுகிய பதவிக்காலம் ஒரு காரணம். பனகலாரின் நீண்ட நிழல் இன்னொன்று. மூன்றாவதும் உண்டு. 1947இல் இதே தென்னார்க்காட்டிலிருந்து, திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரிலிருந்து, இன்னொரு ரெட்டியார், அப்போது பிரதம மந்திரி என்று பெயர் மாறியிருந்த அதே மாகாண நாற்காலிக்குப் போனார். சுதந்திரம் வந்த நேரம், எளிய வாழ்க்கை, கண்டிப்பு என்று எல்லாம் சேர்ந்து ஓ.பி. ராமசாமி ரெட்டியாரை ஊர் கொண்டாடியது. இன்று தென்னார்க்காட்டு ரெட்டியார் முதல்வர் என்றால் அவர் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். பழைய ஜில்லாவும் 1993இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. முதல் மந்திரி வக்கீல் தொழில் பார்த்த கடலூர் ஒரு மாவட்டம், ஓமந்தூர் விழுப்புரம் மாவட்டம்.

சேலத்துப் பெரியவர் அதன் பிறகும் வெகுகாலம் இருந்தார். 1931இல் அகோலாவில் இந்து மகாசபை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சேலம் கலவரத்தைப் பற்றி மேலே படித்தவர்களுக்கு இது ஒரு நெருடலாகத் தோன்றினால் எனக்கும் அப்படித்தான். 91 வயதில், 1944 ஏப்ரலில், அவர் காலமானார். அந்த வருஷம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் துளை போட்டு மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துளைகளுக்கும் முன்னால், தம் நிலத்தில் தண்ணீருக்காகப் போட்ட குழாயில் கறுப்பாக ஏதோ வருகிறதே என்று விடாமல் அரசாங்கக் கதவைத் தட்டிய ஜம்புலிங்க முதலியாரை அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.

(தொடரும்)